மழை பெய்யும்போது ஒருதடவை வந்து பாருங்க

விடைத்தாள் திருத்த என் வீட்டில் ஒரே ஒரு மேசைதான் உண்டு. அதுவேதான் சாப்பாட்டு மேசையும். சுற்றி நான்கு நாற்காலிகள். மூன்றின் மேல் துவைத்த துணி, பழைய செய்தித்தாள், மருந்துச் சீட்டு என்று ஏதாவது உட்கார்ந்திருக்கும். நான்காவதில் நான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்வந்து, முந்தின நாள் ரசத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, தட்டை ஒதுக்கிவைத்துத் தாள்கட்டைப் பிரித்தேன். அப்போது கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு கல்லூரியில் வேலை. பகலில் பி.காம். பிள்ளைகள். சனிக்கிழமை மாலைகளில், வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்கும் பெரியவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் நடத்தியது வணிக அறவியல். பிரித்த கட்டு பெரியவர்களுடையது.

‘நிறுவனத்துக்குக் காட்டும் விசுவாசமும் வாடிக்கையாளரின் நலனும் மோதினால் எது பெரிது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.’ பதினைந்து மதிப்பெண். இருபது தாள் திருத்தியிருப்பேன். எல்லாம் ஒரே பாட்டு. நேர்மையாக இருக்க வேண்டும் என்று தொடங்கி, ஆகவே நேர்மையாக இருக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள். எனக்குத் தூக்கம் சொக்கியது.

அடுத்தது பிரவீன் என்பவருடைய தாள். குடும்பத் தொழிலாக அடுக்குமாடி கட்டி விற்பவர்கள். முப்பது வயதிருக்கும், அடக்கமான ஆள். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், தமிழில் சொல்கிறேன்.

“மேடம் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொன்ன கேஸ் எங்கள் நிறுவனத்திலேயே நடந்தது. மேடம் சொன்ன விற்பனையாளர், மனை பார்க்க வருகிறவர்களிடம், ‘மழை பெய்யும்போது ஒருதடவை வந்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க’ என்பார். எங்களிடம் வீடு பார்த்துப் பின்வாங்கிய மூன்று பேர் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் விசாரித்தேன். எங்கள் அலுவலகப் பெண் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டோம். அவர் செய்தது சரியா என்பதை இனி ஆராய்வோம்.”

அதற்குக் கீழே மூன்று பக்கம் ஆராய்ந்திருந்தார்.

நான் மேலே படிக்கவில்லை. சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினேன். அந்த அலுவலகப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாக அவள் ஏன் ரயிலில் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கால் மணி நேர சிநேகிதம்

விமலா என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் வேறு.

செங்கல்பட்டு வண்டியில் பெண்கள் பெட்டி. தாம்பரத்தில் நான் ஏறுவேன். அடுத்த நிலையமான பெருங்களத்தூரில் அவள் ஏறுவாள். முடிச்சூர்க்காரி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். கூடுவாஞ்சேரியில் இருவரும் இறங்கிவிடுவோம். ஆக, ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். நாலு வருஷம் அப்படிப் போனது.

சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கால் மணி நேரம்தான் என் நாளில் நான் ஒரு மனுஷியோடு பேசும் நேரம். வகுப்பில் பேசுவது பேச்சில் சேராது. அம்மா போனபிறகு வீட்டில் டிவி மட்டும் பேசும். காலையில் எழுந்ததும், இன்றைக்கு விமலாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எதையாவது எடுத்துவைத்துக்கொள்வேன். மாடி வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்க மறந்தது, பூனை குட்டி போட்டது, அவ்வளவுதான் விஷயம். அவளும், “ஐயோ, அப்புறம்?” என்று கேட்பாள். எனக்கு அந்த ‘அப்புறம்’ வேண்டியிருந்தது.

தனியாளுக்கு அடுப்பு மூட்டச் சோம்பல் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் டப்பாவில் எனக்கு இரண்டு இட்லி சேர்ந்து வந்தது.

அவளுக்கு ஒரு மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கணவன் இல்லை, போனானா செத்தானா என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கூடுவாஞ்சேரியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. வீடு பார்க்க வருகிறவர்களை முடிச்சூர்ப் பக்கம் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த குடியிருப்புக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்ட வேண்டும். வேலையில் கைகாரி. வெறும் சிமென்ட் தரையில் நின்றுகொண்டு, இங்கே உங்கள் சோபா, அங்கே சாமி அலமாரி என்று தான் காட்டுவதை அவள் ரயிலில் நடித்துச் சொன்னால் எனக்கே வாங்கத் தோன்றும்.

ஐப்பசி மாதம் ஒரு காலை. ஜன்னலை மூடியும் சாரல் தெறித்துக்கொண்டிருந்தது. அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

“அக்கா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். நேத்து ஒரு பார்ட்டி வந்தாங்க. வயசான அம்மாவ வீல்சேர்ல வெச்சுத் தள்ளிக்கினு. கீழ்த்தளம்தான் வோணுமாம். வாணாம்னு சொல்லிடலாம்னு தோணுச்சு.”

“ஏன்?”

“அந்த எடத்துல எங்கப்பா நாத்து நட்டாருக்கா. மழ புட்சுதுன்னா அது ஏரி. இவங்க ரெண்டடி மண்ணக் கொட்டி ஒசத்திக்கீறாங்க. ரெண்டடி இன்னா பண்ணும்? பெரிய வெள்ளத்துல எங்க வூட்டுப் பரண்ல நின்னுகினு நானும் எம் பொண்ணும் ராத்திரி முச்சூடும் கத்தனோம். அது அங்கேர்ந்து நாலாவது தெரு.”

தண்ணி வருமா என்று யாராவது கேட்டால், வடிகால் போட்டாச்சு, இனிமேல் வராது என்று சொல்லும்படி அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“நீ என்ன சொல்லுவே?”

“பொய்யும் சொல்ல மாட்டேன். கம்பெனிய காட்டியும் குடுக்க மாட்டேன். ‘சார், மழ பேயும்போது ஒருதடவ வந்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க’ம்பேன். அவ்ளோதான். புரிஞ்சவன் புரிஞ்சுக்குவான். அதுவும் எல்லாராண்டயும் சொல்றதில்ல. கீழ்த்தளம் கேக்கறவங்க, கூட வயசானவங்க, கைக்கொழந்த இருந்தா மட்டும்தான். மூணாவது மாடிக்காரன் பொழச்சுக்குவான்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“நான் செய்யறது சரியாக்கா? நீங்க இதான பாடம் நடத்தறீங்க? தெரிஞ்சா வேல போயிடும். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் கீது.”

“யோசிச்சுச் சொல்றேன் விமலா” என்றேன். வண்டி கூடுவாஞ்சேரியில் நின்றது.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. இட்லி கொடுத்தவளிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பாள்.

தத்துவம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

நான் படித்தது தத்துவம். ஆசையாகப் படித்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், “பிலாசபியா? அப்ப வீட்ல எதுக்கெடுத்தாலும் கேள்வி கேப்பாளோ?” என்று கேட்டுவிட்டுப் போய் மகனுக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிவைத்தார்கள். டீச்சர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று யார் சொன்னார்களோ!

நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் தத்துவத் துறை இருந்தது. ஒரு வருஷம் பதினோரு மாணவர்கள் வந்தார்கள். அடுத்த வருஷம் நாலு பேர். பிறகு துறையை மூடி, புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, என்னை வணிகவியல் துறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலி. ‘பிசினஸ் எத்திக்ஸ்’ என்று பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு தாள் வந்திருந்தது. எடுக்க ஆளில்லை. நான் இருந்தேன். பிற்பாடு கல்லூரி மாறியபோதும் அதே பாடத்தோடுதான் மாறினேன்.

கரும்பலகையில் எப்போதும் மூன்று கேள்விகளை எழுதிப்போடுவேன். நீ செய்வதால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? நீ செய்வதை எல்லாரும் செய்தால் என்ன ஆகும்? உன் காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக இன்னொரு மனிதரை வெறும் கருவியாக்குகிறாயா? ஆயிரம் பக்கங்களை மூன்று வரியாக்கிவிட்ட திமிர் எனக்கு உண்டு.

பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். பாடநூலில் இருந்த கேஸ்கள் எல்லாம் வெளிநாட்டுக் கார் கம்பெனி, வெளிநாட்டு மருந்துக் கம்பெனி. “மேம், இது எக்ஸாமுக்கு வருமா?” இந்த ஒரு கேள்வியைத்தான் இருபது வருஷமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஜெபக் குறிப்பு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். ‘உங்கள் பத்திரிகைத் தொடரில் எப்போதும் மற்றவர்களுடைய தப்புகள்தான் வருகின்றன, உங்கள் தப்பு வராதா?’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். வருகிறது அம்மா, அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் சர்ச்சில் பெண்கள் ஐக்கியம் என்று ஒன்று வாராவாரம் கூடும். பாட்டு, வேத வாசிப்பு, பிறகு ஜெபக் குறிப்புகள். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “நம்ம சபையில் ஒரு சகோதரி. பேர் சொல்ல விரும்பவில்லை. மூத்த மகள் ஒரு தவறான சிநேகத்தில் இருக்கிறாள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. ஆண்டவர் அவளை மீட்கும்படி…” என்பார்கள். சபையில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற மூத்த மகள் ஒருத்திதான். காபி டம்ளர் கைக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

சொன்ன அம்மாள் கெட்டவர் இல்லை. உண்மையாகவே கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார். ஆனால் அந்தப் பெண்ணின் தாய் அதன்பிறகு எங்கள் சர்ச்சுக்கு வரவில்லை. தாம்பரம் சானட்டோரியம் பக்கம் வேறு சபைக்கு மாறிப்போனார்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தத்துவ மாணவி வேறு. நான் ஒருநாளும் இப்படிச் செய்ய மாட்டேன் என்று மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஐக்கியத்தில் ஒரு குறிப்புக்கூடச் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஊருக்கு உபதேசமடி பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே!

அந்த ஒரு நல்ல வகுப்பு

விமலா என்னிடம் கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் யோசித்தேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். எவ்வளவு அருமையான கேஸ் என்றுதான் யோசித்தேன். பொய்யும் இல்லை, துரோகமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம். இருபது வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது அது.

ஒரு சனிக்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, முறைப்படி மாற்றித்தான் சொன்னேன். விமலாவை ஓர் ஆணாக்கி, ரமேஷ் என்று பெயர் வைத்தேன். அடுக்குமாடியை வீட்டுமனை ஆக்கினேன். முடிச்சூரைக் கடற்கரைப் பக்கத்து ஊராக மாற்றினேன். வீல்சேர்க் கிழவியைக்கூட எடுத்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. நானே உட்கார்ந்து எழுதினாலும் அப்படி வராது.

வகுப்பு விழித்துக்கொண்டது. இன்ஷூரன்ஸ் விற்கிறவர் எழுந்து ரமேஷ் செய்தது நம்பிக்கைத் துரோகம் என்றார். மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்த பெண், ரமேஷ் இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று மேசையைத் தட்டினார். ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. மணி அடித்தும் போகவில்லை. வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கும்வரை சண்டை போட்டார்கள். பிரவீன் மட்டும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மாணவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பில்டர் வீட்டுப் பிள்ளை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பில்டர் தலையில்தான் விழும். விமலாவின் முதலாளி யார் என்று நான் கேட்டதே இல்லை.

அன்று வீடு திரும்பும்போது எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பெருங்களத்தூரில் வண்டி நின்றபோது விமலாவை நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவளைப் பார்த்தேன், இட்லி சாப்பிட்டேன், வகுப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. முன்கூட்டியே அவளிடம் ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அது எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அந்த வாரக் கடைசியில் விமலா வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. வாட்ஸ்அப்பில், ‘என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலையா?’ என்று போட்டேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பெருங்களத்தூரில் ஏறுகிற முகங்களையெல்லாம் பார்த்துவிட்டு, பக்கத்தில் போட்டிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அப்படியே மூன்று வாரம்.

பதினைந்துக்குப் பன்னிரண்டு

ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வருகிறேன்.

பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து இரண்டு தடவை பால்கனிக்குப் போய்வந்தேன். பிறகு மிச்சத்தைப் படித்தேன். கஷ்டம் என்னவென்றால், நன்றாக எழுதியிருந்தார். என் மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, நான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே வாதம் செய்திருந்தார். பணியாளருக்கு மனசாட்சி உறுத்தினால் நிர்வாகத்திடம் சொல்லலாம், வேலையை விடலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு மறைமுகமாக வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது கூடாது என்று முடித்திருந்தார்.

மதிப்பெண்ணைக் குறைத்தால் அது பழிவாங்கல். குறைக்காவிட்டால் என் கையாலேயே விமலாவுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. பன்னிரண்டு போட்டேன். ஓரத்தில், ‘வாதம் தெளிவாக உள்ளது’ என்றுகூட எழுதினேன். நான் வாத்தியார், வேறென்ன செய்வேன்?

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிரவீனை நிறுத்தினேன்.

“அந்தப் பொண்ண ஏன் அனுப்பினீங்க?”

“அப்பாதான் மேம் டிசைட் பண்ணார். நான் கூப்ட்டுக் கேட்டேன், இப்படிச் சொல்றீங்களான்னு. ஆமான்னுட்டாங்க. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்ககிட்ட ப்ரூஃப் எதுவும் இல்ல, விட்டிருப்போம்.”

“எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. எங்க எத்திக்ஸ் மேம் கிளாஸ்ல ஒரு கேஸ் சொன்னாங்க, அதுல இதே டயலாக் வந்துச்சுன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“டப்பாவ எடுத்துப் பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க மேம்.”

நான் விடவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் வரும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“மேம், நீங்கதான சொன்னீங்க? ஒருத்தர் செய்றத எல்லாரும் செஞ்சா என்ன ஆகும்னு கேட்டுப் பாருங்கன்னு. எல்லா ஸ்டாஃபும் இப்படி ஆளுக்கு ஒண்ணு சொன்னா நாங்க எப்படி மேம் பிசினஸ் பண்றது?”

“எல்லா பில்டரும் மறைச்சா?”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பரிதாபப்பட்டுச் சிரித்தார். “மறைக்கிறாங்களே மேம்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். விமலா என் வாயால் கெட்டாள்.

பிளவுஸ் பிட்

நாலு வருஷம் பழகியவளின் தெருப் பெயர்கூட எனக்குத் தெரியாது. மறுபடி மறுபடி போன் செய்ததில் ஒருநாள் மகள் எடுத்தாள். “அம்மா தாம்பரத்துல துணிக்கடைக்கு வேலைக்குப் போறாங்க ஆன்ட்டி” என்று கடைப் பெயரைச் சொன்னாள். அவளுக்கு விஷயம் தெரியாது போலிருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் பெரிய கடை. மேட்சிங் பிளவுஸ் பிட் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருந்தார். சும்மா நின்று பேச முடியாது. நல்லவேளையாக நான் கட்டியிருந்தது புடவை. முந்தானையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“இதுக்கு மேட்சிங் பாக்கறீங்களா மேடம்?” என்றாள்.

கடைக்காக அப்படிச் சொன்னாளா, எனக்காகவேதானா, தெரியவில்லை. பச்சை பச்சையாக எடுத்து முந்தானைமேல் வைத்துப் பார்த்தாள். நான் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். பேரை மாத்தினேன், ஊரை மாத்தினேன், பிரவீன்தான் உன் முதலாளி மகன் என்று தெரியாது, மன்னிச்சுடு என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

விமலா நிமிரவில்லை.

“நான் உங்களாண்ட ஒரு கேள்வி கேட்டேன். நீங்க எனக்குப் பதில் சொல்லல. ஊர்ல கீறவங்களையெல்லாம் கேட்டீங்க.”

“நீ செஞ்சது சரிதான் விமலா. ரொம்பச் சரி.”

“இப்ப சொல்றீங்க.”

இன்னொரு பச்சையை எடுத்து வைத்தாள். இது கொஞ்சம் டார்க்கா இருக்கு, பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும், பிட்டை மடித்துக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

நர்சிங் படிப்புக்கு நான் ஏதாவது உதவலாமா என்று கேட்க நினைத்துத்தான் போனேன். அதைக் கேட்கும் தைரியம் வரவில்லை. மகள் படிப்பை முடித்தாள் என்பது மட்டும் பிற்பாடு தெரிந்தது. தினமும் இரவு கடை மூடியபிறகு விமலா வீட்டில் பூ கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வருஷ மழைக்கு அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது என்று எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவர் சொன்னார். கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. அதன்பிறகு வகுப்பில் நான் சொன்னதெல்லாம் வெளிநாட்டுக் கார் கம்பெனிதான். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சம்மதம்

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்தபிறகு பத்திரிகைக்கு அனுப்பவில்லை. அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். விமலா இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. காதோரம் நரைத்திருக்கிறது. சாப்பாட்டு இடைவேளை வரை காத்திருந்து, பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து தாள்களைக் கொடுத்தேன். உனக்கு வேண்டாம் என்றால் இங்கேயே கிழித்துப்போடுகிறேன் என்று சொன்னேன்.

அவள் சாப்பிடாமல் படித்தாள். வரிமேல் விரலை வைத்து, ஒரு பக்கம்கூட விடாமல் படித்தாள். வீல்சேர் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றாள். ஓரிடத்தில் லேசாகச் சிரித்தாள். எந்த இடம் என்று எட்டிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முடித்துவிட்டு, தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

“போடுங்க மேடம்.”

“ஏதாவது மாத்தணுமா?”

“மாத்தறதுக்கு இன்னா கீது? நடந்ததுதான.”

“உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே? நெஜமா?”

“இல்ல மேடம். எனக்கு இன்னா பயம்?” டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள். “இப்பல்லாம் நான் உங்களாண்ட எதையும் சொல்றதில்லயே.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்காக, நிதானமாக, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னாள். நான் தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.